மிஞ்சும் அரை மணித்தியாலத்தை எதில் போடுவது?

வேலை, சமையல், பிள்ளைகளை ரியூசனுக்கு ஏற்றி இறக்குதல், அம்மாவின் கிளினிக் நாள், மாதக் கடைசியில் லீசிங் காசு. இத்தனையும் போக, யாழ்ப்பாணத்தில் ஒரு சாதாரண வீட்டுக்காரருக்கு நாளொன்றில் அரை மணித்தியாலம் மிஞ்சினால் பெரிய விசயம். மன அழுத்தத்துக்கு வழி சொல்கிறவர்கள் எல்லோரும் அந்த அரை மணித்தியாலத்தைத்தான் கேட்கிறார்கள். நடக்கச் சொல்கிறார் வைத்தியர். கோயிலுக்குப் போகச் சொல்கிறார் அம்மா. யாரிடமாவது மனம் விட்டுக் கதைக்கச் சொல்கிறாள் சிநேகிதி. யூரியூப்பைத் திறந்தால் அங்கே ஒருவர் கண்ணை மூடி உட்காரச் சொல்கிறார். எல்லாமே நல்ல யோசனைதான். ஆனால் எல்லாவற்றுக்கும் நேரம் கிடையாது. எதை எடுப்பது, எதை விடுவது?

போரும் இடப்பெயர்வும் காணாமற்போன உறவுகளும் தந்த காயத்தை நான் இங்கே தொடவில்லை. அதற்கு அரை மணித்தியாலக் கணக்கு பொருந்தாது. இது காசு, வேலை, பிள்ளை, மாமியார் என்று தினமும் வந்து போகும் நெருக்கடியைப் பற்றியது.

ஆபத்து என்று பட்டவுடன் உடம்பு அட்ரினலின், கோர்டிசோல் என்ற ஹோர்மோன்களை இரத்தத்தில் விடுகிறது. நெஞ்சு வேகமாக அடிக்கும், தசை இறுகும், சர்க்கரை ஏறும். ஓடித் தப்பவோ எதிர்த்து நிற்கவோ அது நல்ல ஏற்பாடு. லீசிங் கம்பனிக்காரரின் போன் வந்தால் எங்கே ஓடுவது? ஏறினது இறங்க வழியில்லாமல் உடம்புக்குள்ளேயே நிற்கிறது. வாரக்கணக்கில் நின்றால் நித்திரை குறையும், வயிறு எரியும், கழுத்தும் நாரியும் பிடிக்கும். பிரஷரும் சுகரும் ஏற்கெனவே இருப்பவர்களுக்கு அவை கட்டுப்படாது.

இது வீட்டு உறவையும் தொடும், உறவு திரும்ப உடம்பைத் தொடும். அமெரிக்காவின் ஓஹியோ மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2005-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில் 42 தம்பதிகளின் கையில் சின்னச் சின்னக் கொப்புளக் காயங்களை உண்டாக்கி, அவை ஆறும் வேகத்தைப் பார்த்தார்கள். ஒருவரையொருவர் குத்திக் குத்திக் கதைத்த தம்பதிகளின் காயம், அப்படிக் கதைக்காதவர்களின் காயத்தோடு பார்க்க 60 வீத வேகத்தில்தான் ஆறியது. வீட்டுச் சண்டை தோலில் தெரிகிறது என்றால் உள்ளே என்ன நடக்கும் என்று யோசிக்கலாம்.

ஆகவே வழிகளை ஒப்பிடும்போது எவ்வளவு கெதியாக ஆறுதல் வரும், எவ்வளவு நேரம் நிற்கும், எவ்வளவு காசு போகும் என்ற கேள்விகள் எனக்குப் போதவில்லை. இன்னொன்றையும் கேட்கவேண்டும்: எனக்கு வரும் ஆறுதலுக்கு வீட்டில் வேறு யார் விலை கொடுக்கிறார்? கூடிய புள்ளி இதற்குத்தான்.

நடை

உலக சுகாதார நிறுவனம் 2020-இல் தந்த வழிகாட்டலின்படி வளர்ந்தவர் ஒருவருக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடற்பயிற்சி வேண்டும். அரை மணித்தியாலம் வீதம் ஐந்து நாள் நடந்தால் 150 வந்துவிடும். ஓடித் தப்புவதற்காக உடம்பு சேர்த்து வைத்ததை ஓரளவுக்காவது ஓடவிட்டுச் செலவழிக்கும் வழி இது ஒன்றுதான். நித்திரைக்கு நல்லது, பிரஷருக்கு நல்லது, சுகருக்கு நல்லது. மருந்துக்கடையில் இப்படி மூன்றுக்கும் சேர்த்து ஒன்றை வாங்க ஏலாது.

ஆனால் யாழ்ப்பாணத்தில் நடப்பது எல்லோருக்கும் ஒரே மாதிரி இல்லை. நகரத்தில் இருப்பவருக்குப் பண்ணைக் கடற்கரைப் பக்கமும் கோட்டைச் சுற்றாடலும் உண்டு. பின்னேரம் அங்கே நடப்பவர்கள் நிறையப் பேர், தனியாகப் போனாலும் தனிமை தெரியாது. கிராமத்து ஒழுங்கைகளில் ஆறரை மணிக்குப் பிறகு வெளிச்சம் இல்லை, நாய்த் தொல்லை வேறு. சித்திரை, வைகாசி வெயிலில் பின்னேரம் ஐந்து மணிக்கும் தார் கொதிக்கும். ஐப்பசி, கார்த்திகையில் மழை வெள்ளம். ஒரு பெண் தனியாக நடந்தால் நாலு படலையிலிருந்து “எங்கை பிள்ளை போறாய்?” என்று கேள்வி வரும். அதற்குப் பதில் சொல்லி முடிப்பதே ஒரு நெருக்கடி. இதற்குப் பெண்கள் கண்டுபிடித்த வழி எனக்குப் பிடிக்கும்: கோயில் வெளிவீதியைச் சுற்றுவது. பத்துச் சுற்று வேகமாகச் சுற்றினாலும் ஒருவரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள்.

சரி, விலை யார் கொடுக்கிறார்? பின்னேரம் ஐந்தரைக்குக் கணவர் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வெளிக்கிடுகிறார். அதே நேரத்தில்தான் பிள்ளைகள் பசியோடு வருகிறார்கள், இடியப்பத்துக்கு மா குழைக்கவேண்டும், உடுப்பு மடிக்கவேண்டும். அவருக்கு 30 நிமிட ஆறுதல், அவவுக்கு 30 நிமிடக் கூடுதல் பாரம். திரும்பி வந்து “உமக்கும் நடக்கலாம்தானே” என்று சொன்னால் முடிந்தது கதை. இதே நடையைக் காலை ஐந்தரைக்கு மாற்றினால் அல்லது நாள் மாறி நாள் ஒருவர் என்று வைத்தால் கணக்கே வேறு. இருவரும் சேர்ந்து நடக்க முடிந்த வீடு அதிர்ஷ்டம் செய்த வீடு. முகத்துக்கு முகம் பார்த்துச் சொல்ல வராத விசயங்கள் பக்கத்தில் நடந்து போகும்போது வரும்.

மூச்சு, செபம், கோயில்

நடையின் முழுப் பலன் தெரிய வாரங்கள் எடுக்கும். நெஞ்சு படபடவென்று அடிக்கும் அந்த நேரத்துக்கு அது உதவாது. அந்த நேரத்துக்கு மூச்சு இருக்கிறது. நாலு எண்ணும் வரை உள்ளே இழுத்து, ஆறு எண்ணும் வரை மெதுவாக வெளியே விட்டால் நிமிடத்துக்கு ஏறக்குறைய ஆறு மூச்சு வரும். சாதாரணமாக நாம் 12 முதல் 20 வரை விடுகிறோம். ஐந்து நிமிடம் இப்படி விட்டால் போதும், அரை மணித்தியாலம் கூடத் தேவையில்லை. பஸ்ஸில் செய்யலாம், கிளினிக் வரிசையில் செய்யலாம், அடுப்படியில் பால் பொங்கும் வரை செய்யலாம்.

இதை ஏதோ புதிய வித்தை என்று நினைக்கவேண்டாம். 2001-இல் பிரித்தானிய மருத்துவச் சஞ்சிகையில் வந்த ஓர் இத்தாலிய ஆய்வு, செபமாலையை இலத்தீனில் சொன்னவர்களையும் ‘ஓம் மணி பத்மே’ என்று தொடங்கும் மந்திரத்தை உச்சரித்தவர்களையும் அளந்து பார்த்தது. இரண்டிலும் மூச்சு நிமிடத்துக்கு ஆறு அளவுக்குத் தானாகவே இறங்கியது. இதயத் துடிப்பின் ஒழுங்கும் அதோடு நன்றாகியது. யாழ்ப்பாணத்தில் நீண்டகாலம் மனநல வைத்தியராகவும் பேராசிரியராகவும் இருந்த தயா சோமசுந்தரமும், மக்களுக்குப் பழக்கமான செபத்தையும் மூச்சுப் பயிற்சியையும் தசை தளர்த்தலையும் சிகிச்சையோடு சேர்க்கலாம் என்று சொல்லி வந்தவர். அம்மம்மா திண்ணையில் இருந்து முணுமுணுத்தது வீணில்லை. இந்து என்றால் நமச்சிவாய, கத்தோலிக்கர் என்றால் செபமாலை, இஸ்லாமியர் என்றால் தஸ்பீஹ். நம்பிக்கை இல்லாதவர் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணட்டும்.

கோயில் இதற்கு மேலே இன்னொன்றைத் தருகிறது. நல்லூரை எடுத்தால், மணி அடித்தாற்போலப் பூசை, ஒரு ரூபாய் அர்ச்சனை. நேரம் தவறாத ஓர் இடத்தில் கொஞ்ச நேரம் நிற்பதே, எதுவும் நேரத்துக்கு நடக்காத நாளில் பெரிய நிம்மதி. காசும் போகாது. ஆனால் அதே மன அழுத்தம் சாத்திரியார் வீட்டுப் படியேறி, தோஷம், பரிகாரம், நேர்த்தி என்று போகத் தொடங்கினால் செலவு எங்கே நிற்கும் என்று தெரியாது. சுகர் மருந்து போடுகிறவர்கள் வைத்தியரைக் கேட்காமல் விரதம் பிடிப்பதும் கவனம். அப்புறம், கோயில் நிர்வாக சபையில் மட்டும் சேரவேண்டாம். அது வேறு வருத்தத்துக்கான மருந்து.

மூச்சுக்கும் செபத்துக்கும் ஓர் எல்லை உண்டு. அவை சூட்டை இறக்கும், அடுப்பை அணைக்காது.

கதைப்பது

மனம் விட்டுக் கதைத்தால் பாரம் குறையும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு இதில்தான் கூடிய சந்தேகம். கதைப்பது கூடாது என்றில்லை. யாரோடு, எப்படி, எவ்வளவு என்று பார்க்காமல் கதைத்தால் பாரம் கூடவும் செய்யும்.

அமெரிக்க உளவியலாளர் அமாண்டா ரோஸ் 2002-இல் பள்ளிப் பிள்ளைகளை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று உண்டு. ஒரே பிரச்சினையைத் திரும்பத் திரும்பச் சிநேகிதரோடு அலசும் பிள்ளைகளுக்குச் சிநேகம் இறுகியிருந்தது, ஆனால் பதகளிப்பும் மனச்சோர்வும் கூடவே இருந்தன. வளர்ந்தவர்களிடத்திலும் இதைக் காணலாம். தினமும் இரவு எட்டு மணிக்கு அம்மா வீட்டுக்குப் போன் எடுத்து மாமியாரைப் பற்றிச் சொல்வது ஒரு பழக்கமாகிவிடும். சொல்லும்போது ஆறுதல்தான். போனை வைத்ததும் காலையில் நடந்தது இரண்டாம் தரம் நடந்த மாதிரி இருக்கும். மறுநாள் அது சித்திக்குத் தெரியும், மூன்றாம் நாள் கொழும்பில் இருக்கும் மச்சாளுக்குத் தெரியும். விலை கொடுப்பது யார்? பக்கத்து அறையில் இருக்கும் கணவரும், தனக்கு எதிராகக் கூட்டம் கூடுகிறது என்று உணரும் மாமியாரும். கடைசியில் சொன்னவரேதான்.

வெளிநாட்டில் இருக்கும் அண்ணனோ அக்காவோ இன்னொரு வழி. தூரத்தில் இருப்பதால் ஊர்க்கதையாகாது, அது நல்லது. ஆனால் நேரம் ஒத்துவராது. ரொறன்ரோவில் அண்ணன் வேலை முடிந்து, சாப்பிட்டு, ஆறுதலாகப் போன் எடுக்கும் இரவு பத்து மணி, கோடை காலத்தில் இங்கே காலை ஏழரை. பிள்ளைக்குச் சப்பாத்து மாட்டும் நேரம். அதோடு, கஷ்டத்தைச் சொன்னால் அவருக்கு அது காசு கேட்பதாகக் கேட்கும். அவருக்கும் வீட்டுக் கடனும் இரண்டு வேலையும் இருக்கும். சில வீடுகளில் இதனால்தான் போன் அழைப்புகள் மெல்ல மெல்லக் குறைந்தன.

என் தெரிவு: உங்கள் பிரச்சினையில் பங்கில்லாத ஒருவர், வாரத்தில் ஒரு தரம், முகம் பார்த்து. வேலைத்தளச் சிநேகிதியாக இருக்கலாம், பழைய வகுப்புத் தோழனாக இருக்கலாம். கதை முடியும்போது அடுத்து என்ன செய்யலாம் என்று ஒரு சின்ன விசயமாவது வந்திருந்தால் அது நல்ல கதை. போன கிழமை சொன்னதையே இந்தக் கிழமையும் சொல்லிக்கொண்டிருந்தால் கதையை மாற்றவேண்டும், இல்லாவிட்டால் ஆளை மாற்றவேண்டும்.

கணவன் மனைவிக்குள் கதைப்பதைத் தனியாகச் சொல்லவேண்டும். வேலையால் வந்து படலை திறந்த கையோடு தொடங்கும் கதை அனேகமாகச் சண்டையில்தான் முடியும். தம்பதிகளைப் பல காலம் ஆராய்ந்த அமெரிக்க உளவியலாளர் ஜோன் கொட்மன் சொல்வது இது: வாக்குவாதத்தில் நாடி நிமிடத்துக்கு நூறைத் தாண்டினால் மற்றவர் சொல்வது காதில் ஏறாது, ஆறக் குறைந்தது 20 நிமிடம் வேண்டும். ஆகவே “இப்ப வேண்டாம், சாப்பிட்டாப் பிறகு கதைப்பம்” என்று சொல்லி, சொன்னபடி சாப்பிட்டபின் உண்மையாகவே கதைப்பது மிகப் பெரிய உதவி. பிறகு கதைப்பம் என்று சொல்லிவிட்டுப் படுத்து நித்திரையாவதுதான் வினை.

இன்னொரு சிக்கல், ஒருவர் ஆறுதலுக்குச் சொல்ல மற்றவர் தீர்வு சொல்லத் தொடங்குவது. தொடங்கும்போதே சொல்லிவிடலாம்: “இஞ்சேருங்கோ, நான் சொல்லுறதைக் கொஞ்சம் கேளுங்கோ. வழி ஒண்டும் சொல்லவேண்டாம்.” கேட்கிறவருக்கும் இது நிம்மதி.

சொல்ல ஒருவரும் இல்லாதவருக்கு எழுதுவது உண்டு. ஜேம்ஸ் பென்னபேக்கர் என்ற உளவியலாளர் 1986-இல் தொடக்கிவைத்த ஆய்வு முறை இது: மனதை வருத்துவதை 15 முதல் 20 நிமிடம், மூன்று நாலு நாள் தொடர்ந்து, எழுத்துப்பிழை பார்க்காமல் எழுதுவது. பலன் பெரிதில்லை, ஆனால் இருக்கிறது. கூட்டுக்குடும்பத்தில் எழுதிய கொப்பியை மற்றவர்கள் வாசிக்கும் அபாயம் உண்டு. எழுதிவிட்டுக் கிழித்துப்போட்டாலும் குறைவில்லை.

போன், கள்ளு, தேத்தண்ணி

இவற்றை அதிகம் அலசத் தேவையில்லை. போனைத் தோண்டினால் அரை மணித்தியாலம் இரண்டு மணித்தியாலமாகும், நித்திரை போகும், பக்கத்தில் இருக்கும் பிள்ளை கேட்ட கேள்விக்கு “ம்” மட்டும் கிடைக்கும். மதுவில் நித்திரை கெதியாக வரும், பின்னிரவில் கலைந்துவிடும். விடிய எழும்பும்போது பதகளிப்புக் கூடும். அதன் விலை முழுவதையும் வீடு கொடுக்கிறது. தேத்தண்ணி பாவம், ஆனால் அதில் உள்ள கஃபீனில் பாதி வெளியேறவே ஐந்து மணித்தியாலம் அளவில் எடுக்கும். பின்னேரம் ஆறு மணிக்கு இரண்டாவது கோப்பை குடித்துவிட்டு நித்திரை வரவில்லை என்று சொல்லக்கூடாது.

பிரச்சினையையே தொடுவது

இந்த வழியைப் பற்றி ஏன் குறைவாகக் கதைக்கிறோம் என்று தெரியவில்லை. லசாரஸ், ஃபோக்மன் என்ற இரு ஆய்வாளர்கள் 1984-இல் இரண்டைப் பிரித்துக் காட்டினார்கள். உணர்ச்சியை ஆற்றுவது ஒன்று, பிரச்சினையில் கைவைப்பது மற்றது. எங்கள் கையில் இல்லாத விசயத்துக்கு முதலாவது பொருந்தும், கையில் இருப்பதற்கு இரண்டாவது. கடன் வட்டி ஏறிக்கொண்டிருக்கையில் எவ்வளவு நடந்தாலும் வட்டி இறங்காது.

வாரத்தில் ஓர் அரை மணித்தியாலத்தை, ஞாயிறு மத்தியானம் என்று வைப்போம், இதற்கு எடுங்கள். ஒரு தாளில் எல்லாக் கடனையும் எழுதவேண்டும்: லீசிங், நகை அடகு, சீட்டு, கைமாற்று, எதற்கு எவ்வளவு வட்டி என்று. எழுதாமல் தலைக்குள் வைத்திருக்கும் கடன் எப்போதும் உண்மைத் தொகையை விடப் பெரிதாகத் தெரியும். அல்லது சிறிதாக. இரண்டும் கெடுதல். பிறகு பிள்ளையின் ரியூசன் அட்டவணையைப் பார்க்கலாம். ஒரே பாடத்துக்கு இரண்டு இடத்தில் போகிறதா? ஒன்றை நிறுத்தினால் காசு மிஞ்சும், ஏற்றி இறக்கும் நேரம் மிஞ்சும், பிள்ளைக்கு நித்திரை மிஞ்சும். சாமத்திய வீட்டுக்கும் பிறந்தநாளுக்கும் கொடுக்கும் என்வலப்புக்கு ஓர் அளவு வைக்கலாம். “அவையள் எங்களுக்கு அவ்வளவு தந்தவை” என்ற கணக்குத்தான் பல வீடுகளில் மாதக் கடைசியை முறிக்கிறது.

இந்தத் தாளை இருவரும் சேர்ந்து பார்க்கவேண்டும். ஒருவர் மட்டும் பார்த்துக்கொண்டு மற்றவருக்கு ஒளித்தால், தெரியவரும் நாளில் கடனை விடப் பெரிய பிரச்சினை வரும்.

என்னிடம் ஒருவர் கேட்டால் நான் அரை மணித்தியாலத்தை இப்படித்தான் பிரிப்பேன்: கிழமையில் நாலு ஐந்து நாள் நடை, வீட்டில் மற்றவருக்கும் அதே அளவு நேரம் விட்டுக்கொடுத்து. ஒரு நாள் தாள். ஒரு நாள் சிநேகிதர். மூச்சுக்குத் தனி நேரம் ஒதுக்கமாட்டேன், தேவைப்படும் இடத்தில் ஐந்து நிமிடம். கைக்குழந்தை உள்ள தாய்க்கு இந்தப் பட்டியலே தேவையில்லை. அவவுக்கு அந்த அரை மணித்தியாலத்தில் நித்திரைதான் முதல் மருந்து, குழந்தையை வாங்கிக்கொள்வது வீட்டில் உள்ள மற்றவர்களின் வேலை.

அரை மணித்தியாலம் போதாதபோது

நித்திரையும் சாப்பாடும் குழம்பி இரண்டு வாரம் தாண்டினால், எதிலும் விருப்பம் இல்லாமல் போனால், குடி கூடினால், வீட்டில் கை ஓங்கும் நிலை வந்தால், செத்தால் நல்லது என்ற எண்ணம் ஒரு தரமாவது வந்தால், மேலே சொன்னவற்றை ஒப்பிட்டுக்கொண்டிருக்க வேண்டாம். நெஞ்சு நோ என்றால் முதலில் வைத்தியசாலைக்குப் போய் இதயத்தைப் பார்க்கவேண்டும். அதை மன அழுத்தம் என்று நாங்களே முடிவு கட்டக்கூடாது.

யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலும் மனநலப் பிரிவு இருக்கிறது, காசில்லை. பிரதேச செயலகங்களில் உளவளத்துணை உத்தியோகத்தர்கள் இருக்கிறார்கள். சாந்திகம் என்ற அமைப்பு நீண்டகாலமாக இங்கே உளவளத்துணை செய்துவருகிறது. போனில் கதைக்கத் தேசிய மனநல நிறுவகத்தின் 1926, அதோடு CCC அமைப்பு நடத்தும் 1333. இதன் உண்மையான செலவு நேரம். கிளினிக் என்றால் அரை மணித்தியாலம் போதாது, அரை நாள் லீவு வேண்டும். ஆனால் என் நாலாவது கேள்வியை இங்கே கேட்டால் பதில் நல்லது: இந்த ஆறுதலுக்கு வீட்டில் ஒருவரும் விலை கொடுப்பதில்லை.

தடை வேறு இடத்தில் இருக்கிறது. “எனக்கென்ன விசரே?” என்று கேட்கும் மனிதரை அந்தப் பக்கம் கூட்டிப்போவது இலேசில்லை. முக்கியமாக ஆண்களை. அவர்களோடு மனம், உளவளம் என்று தொடங்கவேண்டாம். “பிரஷரை ஒருக்கால் பாப்பம், நித்திரை வராததையும் டொக்டரிட்டைச் சொல்லுவம்” என்றால் வெளிக்கிடுவார்கள். அங்கே போனபிறகு, நித்திரை எத்தனை நாளாக இல்லை என்று வைத்தியர் கேட்பார். அதற்குப் பதிலை அவரே சொல்லட்டும், கூடப்போனவர் வாயைத் திறக்காமல் இருக்கவேண்டும்.